கையில் உள்ள உயிர்நிலைகள்

பேராக் மாநிலத்தின் வடபகுதியில், தைப்பிங் நகரை ஒட்டி அமைந்துள்ள ஊர் கமுந்திங். ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்களால் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில் பின்னாளில் ரப்பர் தோட்டங்கள் பெருகின. இன்று அத்தோட்டங்களுள் பல செம்பனைக் காடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. தொழில் மாறினாலும் உழைப்பாளியின் முதல் கருவி மாறவில்லை. அது அவருடைய கை.

பொழுது விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை நிரையாக மரம் சீவிய தொழிலாளியை நினைத்துப் பாருங்கள். அவர் கையிலிருந்த உளி மிகக் கூர்மையானது. மழுங்கிய உளி பட்டையைக் கிழித்துவிடும் என்பதால் அதைத் தீட்டுக்கல்லில் அடிக்கடி தீட்டுவார். அப்போது உளி நழுவினால் வெட்டு எங்கே விழும்? முன்கையின் வெளிப்புறத்தில் விழுந்தால் பெரும்பாலும் தோலும் சிறிது சதையும் பிளக்கும். அதே அளவு வெட்டு பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள பிளவில் ஆழமாக விழுந்தால், குருதி எளிதில் நிற்காது. காயத்தின் நீளம் ஒன்றுதான், விளைவு ஒன்றல்ல. உடலின் எந்த இடத்தில் பட்ட காயம் எத்தகைய விளைவைத் தரும் என்ற இக்கேள்விக்குப் பழங்கால இந்திய அறுவை மருத்துவர்கள் தேடிய விடையே 'மர்மம்' என்னும் கோட்பாடு ஆகும்.

இன்றைய பேச்சுவழக்கில் 'மர்மம்' என்றால் புரியாத புதிர் என்று பொருள் கொள்கிறோம். ஆயுர்வேதத்தில் அச்சொல்லின் பொருள் வேறு. தசை, குருதிக்குழாய், தசைநார், எலும்பு, மூட்டு ஆகியவை ஒன்றுகூடும் இடமே மர்மம். அங்கே உயிர் தங்கியிருப்பதாக அம்மருத்துவர்கள் கருதினர். ஆகவே, தமிழில் அதனை 'உயிர்நிலை' என்று சொல்வது பொருத்தமாக இருக்கும்.

மர்மங்களை முறையாக வகுத்துக் கூறும் பழைய நூல் சுசுருத சம்ஹிதை. அதன் உடற்கூற்றுப் பகுதியின் ஆறாம் அத்தியாயம் 107 மர்மங்களை விவரிக்கிறது. கைகால்களில் 44, வயிற்றிலும் மார்பிலும் 12, முதுகில் 14, கழுத்திலும் தலையிலும் 37 என்பது அந்நூலின் கணக்கு. கைகால்களுக்குரிய 44 மர்மங்களைச் சமமாகப் பிரித்தால், ஒவ்வொரு கைக்கும் பதினொன்று வரும். மர்மங்களைப் பற்றிய அறிவு அறுவை மருத்துவக் கல்வியில் சரிபாதி என்று அந்நூல் மதிப்பிடுகிறது.

இத்தனை நுட்பமான செய்திகளை அக்காலத்தில் எப்படிக் கண்டறிந்தார்கள்? அதற்கு முந்தைய அத்தியாயத்தில் ஒரு செய்முறை சொல்லப்பட்டுள்ளது. இறந்தவரின் உடலைப் புல்லால் சுற்றி, ஒரு கூண்டில் வைத்து, மறைவான ஓர் ஓடையில் மூழ்கவைக்க வேண்டும். ஏழு நாள் கழித்து வெளியே எடுத்துத் தூரிகை போன்ற ஒன்றால் மெல்லத் தேய்த்தால் தோல் முதல் உள்ளுறுப்பு வரை ஒவ்வோர் அடுக்காக விலகும். மாணவன் அதனைக் கண்ணால் கண்டு கற்க வேண்டும். படிக்கும் நமக்கு இது சற்று அருவருப்பாகத் தோன்றலாம். ஆனால், ஏட்டில் படித்ததைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்று ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் ஆசிரியர் வற்புறுத்தியிருப்பது வியப்பிற்குரியது.

கையின் பதினொரு மர்மங்களும் விரல் பக்கத்திலிருந்து தோளை நோக்கி வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. க்ஷிப்ரம், தலஹ்ருதயம், கூர்ச்சம், கூர்ச்சசிரம், மணிபந்தம், இந்திரபஸ்தி, கூர்ப்பரம், ஆணி, உர்வி, லோகிதாட்சம், கட்சதரம் என்பன அவற்றின் பெயர்கள். இவற்றுள் ஐந்து தசைநார் மர்மங்கள். தசை, மூட்டு, குருதிக்குழாய் ஆகியவற்றுக்கு இவ்விரண்டு. எலும்பு மர்மம் கையில் ஒன்றுகூட இல்லை. அடிபட்டவுடன் உயிரைப் பறிக்கும் மர்மங்கள் என அந்நூல் 19 இடங்களைச் சொல்கிறது. அவற்றிலும் ஒன்றுகூடக் கையில் இல்லை. அப்படியென்றால் கைக்காயம் அஞ்சத்தக்கதன்று என முடிவு செய்துவிடலாமா? முதலில் வரும் பெயரே அதற்கு மறுமொழி தருகிறது.

க்ஷிப்ரம் என்ற சொல்லுக்கு 'விரைவு' என்பது பொருள். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள இடம் இது. தோட்டத்துத் தொழிலாளியின் உளி நழுவி விழக்கூடும் என்று மேலே சொன்னோமே, அதே இடம்தான். இங்குப் பட்ட காயம் உடனே கொல்லாவிட்டாலும், அரை மாதம் முதல் ஒரு மாதத்திற்குள் வலிப்பு கண்டு உயிர் போகலாம் என்று சுசுருதர் எச்சரிக்கிறார். கையில் ஏற்பட்ட ஒரு வெட்டுக்கும் வலிப்புக்கும் என்ன தொடர்பு என்ற ஐயம் எழுவது இயல்பு.

இதனை விளக்க முற்படும் மருத்துவர் சிலர் டெட்டனஸ் நோயைச் சுட்டுகின்றனர். தமிழில் இசிவு நோய் என்றும் மலாயில் 'கஞ்சிங் கிகி' என்றும் வழங்கும் நோய் அது. பற்கள் இறுகிக்கொள்வதால் மலாயில் அப்பெயர் வந்தது. இந்நோயின் கிருமிகள் மண்ணிலும் விலங்குகளின் சாணத்திலும் வாழ்கின்றன. ஆழமான காயத்தின் வழி உள்ளே நுழைந்தால், பெரும்பாலும் மூன்று நாள் முதல் இருபத்தொரு நாளுக்குள் தாடை இறுகத் தொடங்கி, உடல் வில்லாக வளைந்து, வலிப்பு காணும். சுசுருதர் குறிப்பிட்ட கால அளவும் இதுவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. கிருமி என்ற ஒன்றை அவர் அறிந்திருக்க வழியில்லை. ஆனால், மண்ணோடு உழைத்தவர்களின் கைக்காயங்களை நாள் கணக்குப் போட்டுக் கவனித்திருக்கிறார் என்று எண்ண இடமுண்டு.

அடுத்தது தலஹ்ருதயம். 'உள்ளங்கையின் இதயம்' என்பது இப்பெயரின் பொருள். நடுவிரலுக்கு நேராக, உள்ளங்கையின் மையத்தில் இஃது அமைந்துள்ளது. அழகான பெயர், இன்றைய உடற்கூற்றியலோடு ஒப்பிட்டால் பொருத்தமான பெயரும்கூட. முன்கையின் வழியாக இரண்டு தமனிகள் கைக்கு வருகின்றன. ஒன்று பெருவிரல் பக்கமாகவும் மற்றொன்று சிறுவிரல் பக்கமாகவும் வந்து, உள்ளங்கையில் ஒன்றோடொன்று இணைந்து வில் போன்ற வளைவுகளை உண்டாக்குகின்றன. பெருவிரல் பக்கத் தமனி உள்ளங்கைக்குள் நுழையும் வழிதான் க்ஷிப்ரம் உள்ள பிளவு. இவ்வளைவு வெட்டுப்பட்டால் இரு முனைகளிலிருந்தும் குருதி பாயும். ஒரு குழாயை மட்டும் அழுத்தினால் அடுத்த குழாயின் வழியே குருதி வந்துகொண்டே இருக்கும். இருபுறமும் நீர்வரத்து உள்ள வாய்க்காலின் நடுவில் உடைப்பு ஏற்பட்டதைப் போன்ற நிலை இது.

இந்த இடத்தில் சுசுருதர் கூறும் செய்தி ஒன்று நம்மைத் திடுக்கிடச் செய்கிறது. கை முழுவதும் மணிக்கட்டில் துண்டிக்கப்பட்டால் குருதிக்குழாய்கள் தாமாகச் சுருங்கிக்கொள்ளும். குருதி குறைவாகவே வெளியேறும். கிளை வெட்டப்பட்ட மரம் பட்டுப்போகாததைப் போல மனிதன் பிழைத்துக்கொள்வான். ஆனால், க்ஷிப்ரத்திலோ தலஹ்ருதயத்திலோ ஆழமாகக் குத்துப்பட்டவனுக்குக் குருதி நில்லாமல் பெருகும். எனவே, அவன் உயிரைக் காக்க மணிக்கட்டில் கையை அகற்றிவிட வேண்டும் என்கிறார். முழுதாக அறுந்த தமனி சுருங்குவதும், பாதி அறுந்த தமனி சுருங்க இயலாமல் குருதியைக் கொட்டுவதும் இன்றைய மருத்துவமும் ஏற்கும் உண்மைகள். தமனியைத் தைத்து இணைக்கும் நுட்பம் இல்லாத காலத்தில், கையா உயிரா என்ற தேர்வு மருத்துவர் முன் நின்றது. உள்ளங்கை அளவே உள்ள ஓரிடத்திற்கு அவர் ஏன் அத்துணை முக்கியத்துவம் தந்தார் என்பது இப்போது விளங்கும்.

கூர்ச்சம் க்ஷிப்ரத்திற்குச் சற்று மேலே இருப்பது. அங்கு அடிபட்டால் கை நடுங்கும், கோணும். அதனை அடுத்துள்ள கூர்ச்சசிரமும் மணிக்கட்டில் உள்ள மணிபந்தமும் வலி தரும் மர்மங்கள். மணியைக் கட்டும் இடம், அதாவது வளையல் அல்லது கங்கணம் அணியும் இடம் என்பதால் மணிபந்தம் என்ற பெயர் வந்தது. இங்குப் பட்ட காயம் உயிரைப் பறிக்காது. ஆனால், கையை முடக்கிவிடும். மணிக்கட்டின் உட்புறத்தில், எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான நாருக்கும் இடையே உள்ள குறுகிய வழியில் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் நெருக்கமாகச் செல்கின்றன. தொழிற்சாலையில் ஒரே அசைவை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கு இவ்வழி வீங்கி, நரம்பு நெருக்குண்டு, இரவில் விரல்கள் மரத்துப் போவதுண்டு. வெட்டுக்காயம் ஏதும் இல்லாமலேயே வலி தரும் மர்மம் வலிக்கத் தொடங்கிவிடுகிறது!

முன்கையின் நடுவில் இந்திரபஸ்தி உள்ளது. இதுவும் குருதி இழப்பால் பின்னர் உயிரைப் பறிக்கக்கூடியது என்பது நூலின் கருத்து. முழங்கை மூட்டில் கூர்ப்பரம் உள்ளது. முழங்கையின் உட்புறத்தை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் சிறுவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததைப் போல உணர்வோம் அல்லவா? எலும்பை ஒட்டி, தோலுக்கு மிக அருகில் ஓடும் நரம்பே அதற்குக் காரணம். கூர்ப்பரத்திற்கு மூன்று விரற்கடை மேலே ஆணி. தேரின் கடையாணியைக் குறிக்கும் அதே சொல்தான் இது. மேற்கையின் நடுவில் உர்வி; கைக்கு உரியதாகச் சொல்லும்போது இதனைப் 'பாஹ்வி' என்றும் அழைப்பர். இது குருதிக்குழாய் மர்மம். இரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டையைச் சுற்றிக் கட்டுவது இப்பகுதியில்தான். இங்கே ஓடும் பெரிய தமனியை எலும்போடு சேர்த்து அழுத்தினால் முழங்கைக்குக் கீழே குருதியோட்டம் குறையும். அதற்கு மேலே, அக்குள் அருகே லோகிதாட்சமும், மார்புக்கும் அக்குளுக்கும் இடையே கட்சதரமும் உள்ளன. இவை தாக்கப்பட்டால் கை செயலிழந்து போகும்.

இந்த இடங்களின் அளவையும் நூல் தருகிறது. உர்வி, கூர்ச்சசிரம், கட்சதரம் ஆகியவை ஒரு விரற்கடை; மணிபந்தம் இரண்டு; கூர்ப்பரம் மூன்று. கூர்ச்சம் ஒரு கைப்பிடி அகலம். ஏனையவை அரை விரற்கடையே. இந்த விரற்கடை மருத்துவருடையதன்று. நோயாளியின் சொந்த விரல் அகலம். குழந்தையின் மர்மம் சிறியது, வளர்ந்தவரின் மர்மம் பெரியது என்பதை ஓர் அளவுகோலும் இன்றிச் சொல்லிவிடும் முறை இது. அறுவை செய்பவர் இந்த எல்லைகளை விட்டு விலகிக் கத்தியை வைக்க வேண்டும் என்பதே அளவு சொன்னதன் நோக்கம்.

நம் தோட்டத் தொழிலாளிகளும் இத்தகைய ஓர் எல்லையை அறிந்தவர்கள்தாம். ரப்பர் மரத்தின் பால் குழாய்கள் பட்டையில் உள்ளன. பட்டைக்கும் மரத்தண்டுக்கும் இடையே மெல்லிய வளர்படை ஒன்று உண்டு. உளி அதைத் தொட்டுவிட்டால் மரத்தில் புண் ஏற்பட்டு, அந்த இடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. ஆகவே, வளர்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தொலைவில் உளியை நிறுத்த வேண்டும். அரையிருட்டில், ஒரே காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில் இதனைச் செய்த கைகளுக்கு, எங்கே வெட்டலாம் எங்கே வெட்டக்கூடாது என்ற பாடத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழர் மருத்துவத்தில் மர்மத்திற்கு இணையானது வர்மம். தமிழ்நாட்டின் தென்கோடியில் உள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆசான்களின் வழியாக இக்கலை நெடுங்காலம் பயிலப்பட்டு வந்துள்ளது. வர்ம நூல்கள் பொதுவாக 108 இடங்களைக் கூறுகின்றன. அவற்றுள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. கைகளுக்கு உரியவை 14 என்பது பரவலாக வழங்கும் கணக்கு. சுசுருதரின் எண்ணிக்கையும் இதுவும் ஒன்றல்ல. பெயர்களும் பெரும்பாலும் வேறானவை. எனினும், பெருவிரல் பிளவில் உள்ள கவளிக்காலம், உள்ளங்கையில் உள்ள வெள்ளை வர்மம், மணிக்கட்டில் உள்ள மணிபந்த வர்மம் ஆகியவற்றைப் பார்க்கும்போது இரு மரபுகளும் ஒரே இடங்களில் விரல் வைப்பது தெரிகிறது. சீன மருத்துவத்தில் 'ஹேகு' என்று அழைக்கப்படும் புகழ்பெற்ற ஊசிப்புள்ளியும் பெருவிரல் பிளவுக்கு அருகில்தான் உள்ளது. தலைவலிக்கும் பல்வலிக்கும் சீன மருத்துவர்கள் அங்கே ஊசி குத்துவர். தைப்பிங், கமுந்திங் கடைத்தெருக்களில் அடுத்தடுத்து வாழ்ந்த இரு சமூகங்களின் மருத்துவ மரபுகள் கையின் ஒரே மூலையில் சந்தித்துக்கொள்கின்றன என்பது சுவையான செய்தி.

வர்மம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1996இல் வெளிவந்த 'இந்தியன்' திரைப்படம். அதில் முதியவர் ஒருவர் இரண்டு விரல்களால் எதிரியைச் செயலிழக்கச் செய்வார். திரையில் அது பரபரப்பான காட்சி. ஆனால், வர்ம ஆசான்கள் கற்றுத்தரும் பாடத்தில் தாக்குதலைவிட மீட்பு முறைக்கே இடம் மிகுதி. அடிபட்டவரை எழுப்பும் அடங்கல் புள்ளிகள், இளக்குமுறை, எண்ணெய் நீவுதல், முறிந்த எலும்பைப் பொருத்திக் கட்டுதல் ஆகியவை அக்கலையின் பெரும்பகுதி. விழுந்த அடியின் வேகத்தைக் கால், அரை, முக்கால், முழு மாத்திரை என அளவிட்டு, அதற்கேற்பவே மருத்துவம் செய்வர். வகுப்பறையில் நண்பனின் கையை முறுக்கி 'வர்மம்' பழகுவது இக்கலையோடு தொடர்பில்லாத செயல். அக்குளிலும் முழங்கையிலும் நரம்புகள் எவ்வளவு மேலாக ஓடுகின்றன என்று மேலே கண்டோம். விளையாட்டாக விட்ட குத்தும் விரல்களை மரத்துப்போகச் செய்துவிடும்.

பழைய நூலில் எல்லாம் சரியாகவே உள்ளன என்று சொல்வதற்கில்லை. 'ஸ்நாயு' என்ற ஒரே சொல்லால் தசைநாரையும் பிணையத்தையும் குறித்த அக்காலத்தவர், நரம்பைத் தனி உறுப்பாகத் தெளிவாகப் பிரித்து அறியவில்லை. அக்குள் பகுதியில் அடிபட்டால் கை செயலிழப்பதை அவர்கள் கண்டார்கள். லோகிதாட்சத்தைப் பொறுத்தவரை அதற்குக் குருதி இழப்பைக் காரணமாகக் காட்டினார்கள். கழுத்திலிருந்து அக்குள் வழியாகக் கைக்கு இறங்கும் நரம்புப் பின்னல் அறுபடுவதோ நசுங்குவதோ செயலிழப்பின் முதன்மைக் காரணம் என்பதை இன்று அறிவோம். ஊன்றுகோலை அக்குளில் நெடுநாள் அழுத்தி நடப்பவர்களுக்குச் சில வேளைகளில் மணிக்கட்டு தளர்ந்து தொங்குவதும் இதனால்தான். இடத்தைச் சரியாகக் குறித்தார்கள். காரணத்தை முழுமையாகக் காணவில்லை. கருவிகள் இல்லாத காலத்தில் இடத்தைக் குறித்ததே பெரிய காரியம் என்பது நம் எண்ணம்.

மலேசியாவில் ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் பாரம்பரிய இந்திய மருத்துவம் என்னும் பிரிவில் அடங்கும். 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டம், அதாவது சட்டம் 775, இத்துறையில் பணியாற்றுவோர் பதிவு பெறுவதற்கு வழிவகுத்துள்ளது. சுளுக்குக்கும் மூட்டுவலிக்கும் எண்ணெய் நீவிக்கொள்ள விரும்புவோர் பதிவு பெற்றவரை நாடலாம். குருதி கொட்டும் காயத்திற்கு நாட வேண்டிய இடம் மருத்துவமனைதான்.

மருத்துவமனைக்குச் செல்லும்வரை என்ன செய்வது? தூய துணியைக் காயத்தின்மேல் வைத்து விடாமல் அழுத்த வேண்டும். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும். துணி நனைந்துவிட்டால் அதை எடுத்துவிடாமல் அதன்மேல் இன்னொரு துணியை வைத்து அழுத்தலாம். கத்தி முனையோ கம்பியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் அடைபட்டிருந்த தமனி திறந்துகொள்ளும். காயத்தில் காப்பித்தூளையோ புகையிலையையோ அப்பும் பழைய பழக்கம் குருதியை நிறுத்துவதைவிட அழுக்கையே உள்ளே சேர்க்கும். செம்பனை மட்டையின் முள் உள்ளங்கையில் ஆழமாக ஏறினாலும் அதைச் சிறு காயம் என்று விட்டுவிடலாகாது. வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். டெட்டனஸ் கிருமிக்குக் காற்றுப்படாத அத்தகைய ஆழமான துளையே ஏற்ற இடம்.

அந்நோய்க்கு இன்று தடுப்பூசி உண்டு. நம் நாட்டில் கைக்குழந்தைப் பருவத்திலேயே அது தொடங்குகிறது. ஏழு வயதில், முதலாம் ஆண்டில் மறுபடியும் போடப்படுகிறது. பின்னர்ப் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தில், பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவினர் இன்னோர் ஊசி போடுகின்றனர். அந்த ஊசிக்கு மேற்கையின் வெளிப்புறத்தில், தோளுக்குச் சற்றுக் கீழே உள்ள தடித்த தசையைத் தேர்ந்தெடுப்பர். பெரிய தமனியும் முக்கிய நரம்பும் ஊசிமுனைக்கு எட்டாத இடம் அது. சுசுருதர் குறித்த பதினொரு மர்மங்களில் எதுவும் அங்கே இல்லை.